பேப்பர் போட்ட பிறகு வரும் சம்பளம்

(பொதட்டூர்பேட்டையில், வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் நிறைந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. இருக்கிற கம்பெனியில் பேப்பர் போட்டாயிற்று, அதாவது ராஜினாமா கொடுத்தாயிற்று. மறுநாள் காலையில் மேனேஜர் அறைக்குள் கூப்பிடுகிறார். கதவைச் சாத்துகிறார். "ஏன் போகிறாய்? அங்கே என்ன தருகிறார்களோ, அதை நாங்களே தருகிறோம். இங்கேயே இரு" என்கிறார். இருப்பதா? போவதா?

கவுன்டர் ஆஃபர் என்று இதற்குப் பெயர். பையன் அன்றிரவு வீட்டுக்கு போன் செய்கிறான். அப்பா தறிக்காரர். "எனக்கு என்னப்பா தெரியும் உங்க கம்பெனி விவகாரம், நீயே பாத்து முடிவு பண்ணு" என்கிறார். இந்த ஊரிலும் அம்மையார்குப்பத்திலும் பள்ளிப்பட்டுப் பக்கத்திலும் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. படித்த பிள்ளைக்குத் தெரியாதது தமக்கு என்ன தெரியும் என்று பெற்றவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அந்தத் தகப்பனாரிடம் நான் சொல்ல விரும்புவது இது: ஐயா, ஒதுங்காதீர்கள். இந்த விவகாரம் உங்கள் பிள்ளையைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். தறிக்காரனைப் போகவிடாமல் பிடித்துவைக்கப் பணம் நீட்டும் வழக்கம் முன்னூறு வருடப் பழசு.

கொஞ்சம் பின்னால் போவோம். நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டினார்கள். எதற்காக? துணிக்காக. பின்னால் ஆங்கிலேயர் வந்தார்கள், பிரெஞ்சுக்காரர் வந்தார்கள், டேனிஷ்காரர் வந்தார்கள். எல்லோருக்கும் வேண்டியது தமிழ்நாட்டுத் தறித்துணி. சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை 1734இல் உருவானதே நெசவாளர்களை வரவழைத்துக் குடியேற்றத்தான். வாங்க நாலு பேர் நின்றால் நெய்கிறவனுக்கு மதிப்பு உண்டா இல்லையா?

அந்த மதிப்பு எப்படி இருந்தது தெரியுமா? தென்னிந்திய நெசவாளர்களின் 18ஆம் நூற்றாண்டு வரலாற்றை ஆராய்ந்த பிரசன்னன் பார்த்தசாரதி அதை விரிவாக எழுதியிருக்கிறார். வணிகர் முன்பணம் கொடுப்பார். நெசவாளர் வாங்கிக்கொண்டு பாவு ஏற்றுவார். இடையில் வேறொருவர் நல்ல விலை தருவதாகச் சொன்னால், நெசவாளர் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். வணிகர் அப்படி முறிக்க முடியாது. நெசவாளருக்கு இருந்த அந்த உரிமை வணிகருக்கு இல்லை!

திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம். இந்த ஒரு உரிமையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுவதும் அதைச் சுற்றித்தான்.

அந்த உரிமையை யார் பறித்தது? 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. வாங்குகிறவனே ஆளுகிறவனும் ஆனான். கம்பெனியின் முன்பணம் ஏறிய தறியில் வேறு எவருக்கும் நெய்யக்கூடாது, பணத்தைத் திருப்பிக் கொடுத்து விலகவும் கூடாது என்று ஆயிற்று. மீறினால் கம்பெனியின் ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். வாங்கிய பணம் அதேதான். ஆனால் அதுவரை தறிக்காரனுக்குத் துணையாக இருந்த அந்தப் பணம் அவன் காலில் விலங்காகிவிட்டது.  விலகிப்போகும் வழி அடைபட்டது. அது அடைபட்டதும் கூலியைக் கேட்டு வாங்கும் பலமும் போயிற்று.

சரி, அது வெள்ளைக்காரன் காலம் என்பீர்கள். நம் காலத்துக்கு வருவோம். குமாரபாளையம் விசைத்தறிப் பட்டறைகளில் 1990களில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் கீர்ட் டி நெவ் அங்கே ஒரு பழக்கத்தைப் பதிவு செய்தார். ஆள் பிடிக்க முதலாளி முன்பணம் கொடுக்கிறார். அதற்குப் பெயர் பாக்கி. வேலையில் இருக்கும்வரை அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. வேறு பட்டறைக்குப் போக வேண்டுமானால் பாக்கியைக் கட்டிவிட்டுப் போக வேண்டும், அல்லது புது முதலாளி கட்டி ஆளை அழைத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்குத் தட்டுப்பாடு வந்தால் பாக்கித் தொகை ஏறும். தொழிலாளியும் அதைத் தெரிந்துகொண்டு, "மேலே கொடு, இல்லையென்றால் அடுத்த பட்டறைக்குப் போகிறேன்" என்று கேட்டு வாங்குவார். அவர்களில் யாரும் ஏமாளி இல்லை. தங்கை கல்யாணத்துக்கும் தகப்பனார் மருத்துவச் செலவுக்கும் வட்டியில்லாமல் வேறு யார் கொடுப்பார்? ஆனால் ஏறிக்கொண்டே போன பாக்கி ஒரு கட்டத்துக்குப் பிறகு கட்டி முடிக்க முடியாத தொகை ஆகிவிடும். அப்புறம் கூலி குறைந்தாலும் பேச முடியாது, மேஸ்திரி ஏசினாலும் பேச முடியாது. முன்பணத்துக்காக ஒருவர் விருப்பப்பட்ட இடத்தில் வேலை செய்யும் உரிமையை இழப்பதும் கொத்தடிமைதான் என்கிறது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தம்பி, ஏ.சி. அறையில் வேலை செய்கிற உனக்கும் இதற்கும் என்ன தொடர்பு? சொல்கிறேன். மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லும் தொகை இரண்டு வகையில் வரலாம். ஒன்று, மாதச் சம்பளத்தை உயர்த்துவது. இன்னொன்று, ரிடென்ஷன் போனஸ். "இரண்டு லட்சம் இந்த மாதமே தருகிறோம், பதினெட்டு மாதத்துக்குள் விலகினால் முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும்" என்று ஒரு தாள் வரும். அந்தத் தாளை உன் அப்பாவிடம் படித்துக்காட்டு. ஒரு வார்த்தைகூட விளக்க வேண்டாம், அவரே சொல்லிவிடுவார்: "இது பாக்கிதானேப்பா!"

அது பாக்கியேதான். அந்தத் தாளில் இன்னொன்றும் இருக்கலாம், கவனித்துப் பாருங்கள். வரி பிடித்தது போக உங்கள் கைக்கு வந்தது ஒரு தொகை. திருப்பிக் கட்டச் சொல்லுவது வரிக்கு முந்தைய முழுத் தொகை. கையெழுத்துப் போடும்முன் இதைக் கேட்காதவர்கள் பிறகு கைக்கு வராத பணத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டி வரும்.

"சட்டம் நம் பக்கம் இருக்கிறதே, யாரையும் பிடித்து வைக்க முடியாதே" என்று சிலர் நினைக்கலாம். பாதி உண்மை. ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு சொல்கிறது. வேலைக்கு வா என்று யாரையும் நீதிமன்றம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? மூன்று ஆண்டு முடியுமுன் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது. அந்த வங்கி அதிகாரி வேறு வங்கிக்குப் போக எந்தத் தடையும் இல்லை. பணம்தான் கட்ட வேண்டியிருந்தது. ஆக, ஆளைக் கட்ட முடியாது. பணத்தைக் கொண்டு கட்டலாம். கட்டக்கூடிய தொகையா, கட்ட முடியாத தொகையா என்பதுதான் வித்தியாசம்.

இப்போது இன்னொரு கேள்வி. நேற்றுவரை பட்ஜெட் இல்லை என்றவரிடம் இன்று காலையில் பணம் எங்கிருந்து வந்தது?

2022 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். கொரோனா அலைகளுக்குப் பிறகு கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு வேலை குவிந்த நேரம். அந்தக் காலாண்டு முடிவில் வேலையை விட்டுப் போனவர்களின் ஆண்டு விகிதம் இன்ஃபோசிஸில் 27.7 சதவீதம், விப்ரோவில் 23.8 சதவீதம், டிசிஎஸ்ஸில் 17.4 சதவீதம். முதல் இரண்டு கம்பெனிகளிலும் ஏறக்குறைய நாலு பேர் இருந்த இடத்தில் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். பேப்பர் போட்டவர்களை நிறுத்திவைக்கத் துறை முழுவதும் பணம் கொட்டியது. மூன்று வருடம் கழித்து, 2025 ஜூலையில், அதே டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. இதற்காக அந்தக் கம்பெனியைத் திட்ட நான் வரவில்லை. ஆள் தேவைப்பட்டபோது பிடித்தார்கள், தேவை குறைந்தபோது குறைத்தார்கள். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: பேப்பர் போட்ட மறுநாள் வரும் பணம் அந்த வாரத்துத் தேவையிலிருந்து வருகிறது. உங்கள் இடத்துக்குப் புது ஆளைத் தேட மாதக்கணக்காகும், பழக்கச் சில மாதம் ஆகும், அதற்குள் வேலை நின்றுபோகும். அந்தக் கணக்குப் போட்டுத்தான் தொகை வருகிறது. அது பாவமில்லை, வியாபாரம். வியாபாரத்தைப் பாசம் என்று நினைத்து மயங்குவதுதான் ஆபத்து.

அப்படியானால் எந்தக் கவுன்டர் ஆஃபரையும் ஏற்கக்கூடாதா? அப்படி நான் சொல்லவே மாட்டேன். தொட்டாலே தோஷம் என்று பேசுகிறவர்களை நான் ஒப்பமாட்டேன். அப்படிப் பேசுகிறவர்களில் பலர் ஆள் சேர்க்கும் கன்சல்டன்சிக்காரர்கள். நீங்கள் புது இடத்தில் போய்ச் சேர்ந்தால்தான் அவர்களுக்குக் கமிஷன்.

ஒரு தங்கையை எடுத்துக்கொள்வோம். இந்த ஊர்ப் பெண். பஸ் ஏறித் திருத்தணி, அங்கிருந்து ரயிலில் அம்பத்தூர், ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. சாயங்காலம் வேலை முடிந்து திருத்தணி வந்து இறங்கும்போது கடைசி பஸ் போயிருக்குமோ என்ற பயத்திலேயே தினமும் ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள். அதற்காகத்தான் திருவள்ளூரில் ஒரு வேலை தேடிப் பேப்பர் போட்டாள். முதலாளி கூப்பிட்டு, "மாதம் ஆறாயிரம் கூடத் தருகிறேன்" என்கிறார். அந்த ஆறாயிரம் கடைசி பஸ்ஸை நிறுத்திவைக்குமா? வைக்காது. இரண்டாவது மாதமே அவள் மறுபடி வேலை தேடுவாள். அதே முதலாளி, "காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து நாலரைக்குக் கிளம்பிவிடு, சம்பளம் பழையதுதான்" என்று எழுதிக் கொடுத்தால்? அதுதான் சரியான பதில். ஒரு ரூபாய் கூடாமலே அவள் இருக்கலாம், நிம்மதியாக இருக்கலாம்.

ஆகவே தம்பி தங்கைகளே, பேப்பர் போடுவதற்கு முந்திய இரவு ஒரு வேலை செய்யுங்கள். ஏன் போகிறேன் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கம்பெனிக்குக் காட்ட வேண்டாம், உங்களுக்கு மட்டும். சம்பளம் போதவில்லையா? கூட இருப்பவரைவிடக் குறைத்துக் கொடுக்கிறார்களா? மேலதிகாரி பேசும் விதமா? கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லையா? அப்பா அம்மாவைப் பார்க்க மாதம் ஒருமுறைகூட வர முடியவில்லையா? மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்ததும் அந்த நோட்டை எடுத்துப் படியுங்கள். எழுதிய காரணத்துக்குப் பதில் கிடைத்திருந்தால் இருங்கள். எழுதாத ஒன்றுக்குப் பணம் கிடைத்திருந்தால் கிளம்புங்கள். சம்பளம் ஒன்றே காரணமாக இருந்து, அது நேர்மையாக உயர்ந்திருந்தால், இருப்பதில் எந்த மானக்கேடும் இல்லை.

நம் திருத்தணியில் 1888இல் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனை நினைத்துப் பாருங்கள். 1918இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர். மூன்றே ஆண்டில், 1921இல், கல்கத்தாவிலிருந்து அழைப்பு. மைசூர் மாணவர்கள் அவர்மேல் வைத்திருந்த அன்பு எப்படிப்பட்டது? அவர் கிளம்பிய நாளில் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, வண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு ரயிலடி வரைக்கும் போனார்கள். அவ்வளவு அன்பு இருந்த இடத்தை விட்டும் அவர் போனார். போனது துரோகம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இந்த ஊர் அம்மாக்கள் சிலர், "சோறு போட்ட கம்பெனியை விட்டுட்டு வரலாமா" என்று பிள்ளைகளைக் கேட்கிறீர்கள். வரலாம் அம்மா. வேலை செய்துதானே சாப்பிட்டான்.

அதே ராதாகிருஷ்ணனுக்கு 1936இல் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பதவி வந்தது. அதன் பிறகும் 1937 முதல் 1941 வரை கல்கத்தாவிலும் அவர் பேராசிரியர். இங்கும் அங்குமாக இரண்டையும் பார்த்தார். இருப்பது, போவது என்ற இரண்டு வழிதானா என்று கேட்டுப்பார்க்கத் தயங்காதீர்கள். வேலை நேரம், வேலை இடம், வேலையின் தன்மை எல்லாமே பேசக்கூடியவை. நம் பிள்ளைகள் தொகையை மட்டும் பேசிவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்கள்.

இன்னொருவர் கதையும் சொல்ல வேண்டும். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு ஒரு கிளார்க் சேர்ந்தார். ராமானுஜன். அவர் கணக்கில் மேதை என்று கண்டுகொண்ட மேலதிகாரி நாராயண ஐயரும் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் என்ன செய்தார்கள்? நல்ல கிளார்க்கை இழக்கக்கூடாது என்று நாற்பது ரூபாய் ஆக்கினார்களா? இல்லை. அவருக்காகக் கடிதம் எழுதினார்கள், ஆதரவு திரட்டினார்கள். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அடுத்த ஆண்டு அவர் கேம்பிரிட்ஜில் இருந்தார். இப்படி அனுப்பிவைக்கிற மேலதிகாரி கிடைத்தால் அவரை வாழ்நாள் முழுவதும் மறக்காதீர்கள். அவர் "இரு" என்று சொன்னால்கூட உங்கள் நன்மைக்குத்தான் சொல்வார்; அந்தச் சொல்லை இரண்டு தரம் யோசித்துப் பார்க்கலாம்.

அடுத்து, கொஞ்சம் கடுமையாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். போகிற எண்ணமே இல்லாமல், இருக்கிற இடத்தில் சம்பளம் ஏற்றிக்கொள்வதற்காகவே வெளியே ஆஃபர் லெட்டர் வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அந்தப் புதுக் கம்பெனி உங்களை நம்பி மற்றவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கும். இரண்டாம் இடத்தில் நின்றவன் வீட்டில் ஒரு தறி ஓடாமல் இருந்திருக்கும், ஒரு தங்கை கல்யாணத்துக்குக் காத்திருப்பாள். சேருகிறேன் என்று கையெழுத்துப் போட்டு, சேரும் நாளன்று போனை எடுக்காமல் இருப்பது மிகப் பெரிய தவறு. மனம் மாறிவிட்டதா? மாறட்டும். மாறிய அன்றே போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள், மன்னிப்புக் கேளுங்கள், கடிதமும் எழுதுங்கள்.

காசுக் கணக்கையும் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். உயர்வு எங்கே ஏறியிருக்கிறது? அடிப்படைச் சம்பளத்திலா, நிர்வாகம் நினைத்தால் தரும் வேரியபிள் தொகையிலா? பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் பெரும்பாலும் அடிப்படையை ஒட்டித்தான் வளரும். கிராஜுவிட்டிக்கு ஐந்து ஆண்டுத் தொடர் பணி என்பது வழக்கமான விதி. அடிப்படை இருபதாயிரம் என்றால் அதில் 26இல் 15 பங்கு, அதை ஐந்தால் பெருக்குங்கள், 57,692 ரூபாய் வரும். நாலரை வருடத்தில் பேப்பர் போடுகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா? ஆறு மாதம் தள்ளிப் போவதுகூட ஒரு நல்ல முடிவாக இருக்கலாம். அப்புறம், எது சொன்னாலும் எழுத்தில் வாங்குங்கள். எச்.ஆர். கையெழுத்தோடு, எந்தத் தேதியிலிருந்து என்ற விவரத்தோடு. "அடுத்த அப்ரைசலில் பார்த்துக்கொள்ளலாம்" என்பதை நம்பி ராஜினாமாவைத் திரும்பப் பெறாதீர்கள்.

இருப்பது என்று முடிவு செய்தவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. மறுபடி போக வேண்டும் என்று தோன்றினால் போகக்கூடிய நிலையில் இருங்கள். வாங்குகிற பணம் அந்தக் கதவைச் சாத்துகிறதா என்று பாருங்கள். சாத்துகிற பணம் எவ்வளவு பெரிதானாலும் வேண்டாம். ரிடென்ஷன் போனஸ் வாங்கியே தீர வேண்டிய நெருக்கடி வீட்டில் இருந்தால், வாங்குங்கள். ஆனால் காலக்கெடு முடியும்வரை அதில் ஒரு பங்கை வங்கியில் தொடாமல் வையுங்கள். திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நம் ஊர்ப்பக்கத்துத் தறிக்காரர்கள் ஒரு காலத்தில் வைத்திருந்த உரிமை, இன்றைக்கு அந்த வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது.

முடிக்குமுன், இந்த அவையில் இருக்கும் முதலாளிகளுக்கும் மேலதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பட்டறை நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள், கம்பெனியில் பத்துப் பேரை மேய்க்கிறவர்கள் இருக்கிறீர்கள். பேப்பர் வந்த மறுநாள் உங்களால் கொடுக்க முடிகிற பணம், அதற்கு முந்தைய மாதமும் உங்களிடம் இருந்தது. கேட்காமல் உழைத்துக்கொண்டிருக்கிறவர் ஒருவர் உங்களிடம் கட்டாயம் இருப்பார். வெளியே போய் ஆஃபர் லெட்டர் வாங்கத் தெரியாதவர், அல்லது அப்படிச் செய்யக் கூசுகிறவர். பேப்பர் போட்டவனுக்கு உயர்த்திக் கொடுத்து, அவரை அதே கூலியில் விட்டுவைப்பது அநியாயம். திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் அவரைக் கூப்பிட்டு, நியாயமான சம்பளத்தைப் பேசி முடியுங்கள்.